பேலா குட்மன் ஏன் எந்தக் கிளப்பிலும் நிலைக்கவில்லை? பென்ஃபிகாவுக்கு அவர் விட்ட சாபம் உண்மையா?

கேள்வி இதுதான்: ஐரோப்பியக் கோப்பையை (கிளப்புகளுக்கான போட்டி, இன்றைய சாம்பியன்ஸ் லீக்) அடுத்தடுத்து இரண்டு முறை வென்று கொடுத்த ஒரு கால்பந்துப் பயிற்சியாளர், கூடுதல் பணம் தரவில்லை என்று கோபித்துக்கொண்டு, "இன்னும் நூறு வருஷத்துக்கு நீங்கள் ஐரோப்பிய சாம்பியன் ஆக மாட்டீர்கள்" என்று போர்ச்சுகலின் பென்ஃபிகா கிளப்பைச் சபித்துவிட்டுப் போனாராமே, அது நடந்ததா? அப்படிப்பட்டவர் ஏன் ஓரிடத்திலும் உருப்படியாகத் தங்கவில்லை?

சாபத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இந்த மனிதரின் கதையில் மிகவும் சப்பென்ற பகுதி அதுதான். 1962இல் அவர் அப்படிச் சொன்னதற்கு அந்தக் காலத்து உறுதியான சான்று எதுவும் கிடையாது. சொல்லியிருந்தாலும், மூன்றே வருஷத்தில் 1965இல் அதே பென்ஃபிகா அவரை மறுபடி அழைத்தது, அவரும் போனார். சபித்தவரும் சபிக்கப்பட்டவர்களும் அவ்வளவு சீக்கிரம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக்கொள்ள மாட்டார்கள். பணத் தகராறு மட்டும் நிஜம்.

இரண்டாவது கேள்விக்குத்தான் விரிவான பதில் தேவை. 1933இலிருந்து 1974 வரை குட்மன் வேலை பார்த்த நாடுகள்: ஆஸ்திரியா, நெதர்லாந்து, ஹங்கேரி, ருமேனியா, இத்தாலி, அர்ஜென்டினா, சைப்ரஸ், பிரேசில், போர்ச்சுகல், உருகுவே, சுவிட்சர்லாந்து, கிரீஸ். மொத்தம் 12. முன்கோபி, பணத்தாசை பிடித்தவர், யாரோடும் ஒத்துப்போகாதவர் என்று இதற்கு எளிதாகக் காரணம் சொல்லிவிடுவார்கள். முன்கோபி என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவர் கதவைச் சாத்திவிட்டுப் போன இடங்களை வரிசையாகப் பார்த்தால் சண்டை பெரும்பாலும் ஒரே விஷயத்துக்காக நடந்திருக்கிறது. அணியை யார் நடத்துவது, அதற்கு என்ன விலை. இந்த இரண்டையும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

1899இல் புடாபெஸ்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் நடன ஆசிரியர்கள். குட்மனும் இளவயதிலேயே நடனம் கற்றுக்கொடுக்கத் தகுதி பெற்றார். எம்டிகே அணிக்காக ஆடி லீக் பட்டம் வென்றார். பிறகு யூத எதிர்ப்பு தலைதூக்கிய ஹங்கேரியை விட்டு வியன்னாவுக்குப் போய், முழுக்க யூத வீரர்களைக் கொண்ட ஹகோவா கிளப்பில் சேர்ந்தார். அந்த அணி 1925இல் ஆஸ்திரிய சாம்பியன் ஆனது.

அவருடைய குணம் முதலில் ஊருக்குத் தெரியவந்தது 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில். ஹங்கேரி அணியோடு வந்த அதிகாரிகளின் கூட்டம் பெரிது. வீரர்களைத் தங்கவைத்த ஹோட்டலோ மோன்மார்த்தரில், ராத்திரி முழுக்கக் கூத்தும் கும்மாளமுமாக இருந்த பகுதியில். தூக்கம் கிடையாது. போதாக்குறைக்கு எலித் தொல்லை. குட்மன் செத்த எலிகளைப் பிடித்து அதிகாரிகளின் அறைக் கதவுகளில் தொங்கவிட்டார். ஹங்கேரி அந்தப் போட்டியில் எகிப்திடம் 0-3 என்று தோற்று வெளியேறியது. அதற்கப்புறம் குட்மன் தன் நாட்டுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

1926இல் ஹகோவா அமெரிக்கா போனது. நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் ஒரு ஆட்டத்துக்கு 46,000 பேர் வந்தார்கள். குட்மன் உட்படப் பல வீரர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். நன்றாகச் சம்பாதித்தார், மதுவிலக்குக் காலத்தில் திருட்டுத்தனமாக நடந்த மதுக்கடை ஒன்றில் பங்கும் வைத்திருந்தார். 1929இல் பங்குச்சந்தை சரிந்தபோது சேர்த்ததெல்லாம் போயிற்று. பிற்காலத்தில் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் கடைசிக் காசு வரை பேரம் பேசிய மனிதரை நினைக்கும்போது இதையும் சேர்த்து நினைக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

ஐரோப்பாவுக்குத் திரும்பி ஹகோவாவில் பயிற்சியாளர் ஆனார், பிறகு நெதர்லாந்தின் என்ஸ்கெடேவில் இரண்டு வருஷம். 1939இல் புடாபெஸ்டின் உய்பெஷ்ட் அணிக்கு லீக் பட்டமும், மத்திய ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதிய மித்ரோபா கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். கையில் இரண்டு கோப்பை இருந்தும், யூதர் என்பதால் ஹங்கேரியில் வேலை பார்க்க முடியாத நிலை வந்தது.

போர்க்காலத்தை அவர் சுவிட்சர்லாந்தில் கழித்தார் என்று வெகுகாலம் பலரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். நடந்தது வேறு. உய்பெஷ்ட் பகுதியில் ஒரு பரணில் ஒளிந்திருந்தார். பிறகு கட்டாய உழைப்பு முகாமில் அடைக்கப்பட்டார். 1944 இறுதியில், நாடு கடத்தப்படுவதற்குச் சற்று முன்னால், அங்கிருந்து தப்பினார். அவரோடு தப்பியவர்களில் ஒருவர் எர்னோ எர்ப்ஸ்டைன். பின்னாளில் தொரினோவின் மாபெரும் அணியை உருவாக்கி, 1949இல் சுபெர்கா விமான விபத்தில் அந்த அணியோடு இறந்தாரே, அவர்தான். குட்மனின் தந்தை, சகோதரி உட்படக் குடும்பத்தில் பலர் கொல்லப்பட்டார்கள். இதைப் பற்றி அவர் அனேகமாகப் பேசியதே இல்லை. பின்னால் வந்த தன் வாழ்க்கை வரலாற்றில்கூட ஓரிரு வரிகளில் கடந்துவிட்டார்.

முகாமில் இன்னொருவர் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர், போர் முடிந்ததும் கிளப் முதலாளிகளிடம் எப்படி நடந்துகொண்டார் என்று பாருங்கள். 1946இல் புக்காரெஸ்டில் சொக்கானுல் என்ற கிளப். பஞ்ச காலம், பணத்துக்கு மதிப்பில்லை என்பதால் சம்பளத்தைக் காய்கறியும் உணவுப்பொருளுமாகக் கேட்டு வாங்கினார். நிர்வாகி ஒருவர் அணித் தேர்வில் மூக்கை நுழைத்தார். சரி, இனி நீங்களே நடத்திக்கொள்ளுங்கள், அடிப்படை தெரிந்தவர் போலத்தான் இருக்கிறீர்கள் என்கிற தொனியில் பதில் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அடுத்தது கிஸ்பெஷ்ட். ஃபெரென்ஸ் புஷ்காஷ் ஆடிய கிளப். அங்கே புஷ்காஷின் அப்பா இருந்த இடத்துக்குத்தான் குட்மன் பயிற்சியாளராக வந்தார், ஆக ஆரம்பமே சிக்கல். 1948 நவம்பரில் கியோர் அணியோடு ஆட்டம். கிஸ்பெஷ்டின் தற்காப்பு ஆட்டக்காரர் மிஹாய் பாட்டி முரட்டுத்தனமாக ஆடிக்கொண்டிருந்தார். பந்தைப் பார்த்து ஆடு, ஆளைப் பார்த்து ஆடாதே என்று முதல் பாதி முழுக்கக் குட்மன் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. இடைவேளையில் பாட்டியைப் பார்த்து, "நீ இரண்டாம் பாதிக்கு இறங்காதே" என்றார். மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே இல்லாத காலம் அது. அவர் இறங்காவிட்டால் அணி 10 பேரோடு ஆடவேண்டும். தெரிந்துதான் சொன்னார். புஷ்காஷ் குறுக்கே வந்தார்: "நீ இறங்கு."

பாட்டி கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துத் தயங்கிவிட்டு மைதானத்துக்குப் போனார். குட்மன் ஒன்றும் பேசவில்லை. பார்வையாளர் பகுதிக்குப் போய் உட்கார்ந்து, குதிரைப் பந்தயப் பத்திரிகை ஒன்றைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார். ஆட்டம் 0-4 என்று தோல்வியில் முடிந்தது. டிராம் பிடித்து வீட்டுக்குப் போனார். கிஸ்பெஷ்டுக்குத் திரும்பவே இல்லை. புஷ்காஷுக்கு அப்போது வயது 21. நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் எதிர்த்துப் பேசிவிட்டார் என்றால் அந்தப் பயிற்சியாளர் அங்கே முடிந்தார் என்று குட்மனுக்குத் தெரிந்திருந்தது. சிங்கத்தின் கூண்டுக்குள் நிற்கிறவர் கண்ணில் பயம் தெரிந்துவிட்டால் கதை முடிந்தது, பயிற்சியாளரும் அப்படித்தான் என்று பின்னாளில் அவர் சொல்வதுண்டு.

அதற்குப் பின் இத்தாலியில் பாதோவா, திரியெஸ்தினா, அர்ஜென்டினாவில் கில்மெஸ், சைப்ரஸில் அப்போயல். இவை ஒவ்வொன்றும் கொஞ்ச காலம்தான், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1953இல் ஏசி மிலான் கூப்பிட்டது. நோர்டால், லீட்ஹோம், அடுத்த வருஷம் உருகுவேயின் ஸ்கியாஃபினோ என்று மிரட்டும் அணி. 1954-55 பருவத்தில் 19 ஆட்டம் முடிந்த நிலையில் மிலான் பட்டியலில் முதலிடம். அந்த நேரத்தில்தான் நிர்வாகத்தோடு சண்டை முற்றி அவரை நீக்கினார்கள். நான் எந்தக் குற்றமும் செய்யவில்லை, இருந்தும் நீக்கப்பட்டேன் என்று நிருபர்கள் முன்னால் காரசாரமாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். மிலான் அந்தப் பருவத்தில் பட்டம் வென்றது, வேறொருவர் பெயரில்.

அதிலிருந்து தன் ஒப்பந்தங்களில் ஒரு புதிய நிபந்தனை சேர்த்தார்: அணி முதலிடத்தில் இருக்கும்போது என்னை நீக்கக்கூடாது. படித்தவுடன் சிரிப்புதான் வரும். ஆனால் பயிற்சியாளர்களுக்கு ஒரு பாதுகாப்பும் இல்லாத அந்தக் காலத்தில் இப்படி எழுதி வாங்கத் துணிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

1956 இறுதியில் ஹங்கேரியப் புரட்சி நசுக்கப்பட்டபோது, ஐரோப்பியக் கோப்பைக்காக வெளிநாட்டில் இருந்த ஹோன்வெட் அணி ஊர் திரும்ப மறுத்தது. ஹோன்வெட் என்பது வேறு எதுவுமில்லை, ராணுவம் எடுத்துக்கொண்டு பெயர் மாற்றிய அதே கிஸ்பெஷ்ட்தான். ஃபிஃபாவின் தடையை மீறி அவர்கள் பிரேசில் சுற்றுப்பயணம் போனபோது பயிற்சியாளராகக் கூடப் போனவர் குட்மன். டிராம் ஏறிப் போன கிளப்போடு, அதே புஷ்காஷோடு, எட்டு வருஷம் கழித்து மறுபடி ஒரே அணியில். இவருடைய சண்டைகள் ஆயுள் பகையாக மாறியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

வீரர்கள் கலைந்து போனார்கள், குட்மன் பிரேசிலிலேயே தங்கி சாவோ பாவ்லோவை எடுத்து நடத்தினார். 35 வயதைத் தாண்டிய ஜிஜின்யோவை நடுவில் வைத்து 1957இல் மாநிலப் பட்டம் வென்றார். அங்கே அவரோடு இருந்த விசென்டே ஃபியோலா மறு வருஷம் பிரேசிலுக்கு முதல் உலகக் கோப்பையை வென்று கொடுத்தார். 4-2-4 ஆட்டமுறையை (தற்காப்பில் நால்வர், நடுவில் இருவர், முன்வரிசையில் நால்வர்) பிரேசிலுக்குக் கொண்டுபோனவரே குட்மன்தான் என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். அது மிகை. பிரேசிலியர்கள் தாங்களாகவே அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்கள். பந்தை வேகமாக, நேராக முன்னே கொண்டுபோவதை இவர் கூர்மையாக்கினார் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

1958இல் போர்ட்டோ. பருவம் தொடங்கிய பிறகு வந்து சேர்ந்தார், பென்ஃபிகா முன்னால் போய்க்கொண்டிருந்தது. துரத்திப் பிடித்தார். 1959 மார்ச் 22, கடைசி நாள். இரு அணிக்கும் சமப் புள்ளிகள், பருவம் முழுக்க அடித்த கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசம்தான் முடிவு செய்யவேண்டும். போர்ட்டோ தோரெஸ் வெத்ராஸில் 3-0 என்று வென்றது. லிஸ்பனில் பென்ஃபிகாவின் ஆட்டம் தாமதமாகத் தொடங்கியிருந்ததால் இன்னும் முடியவில்லை. நடுவர் கலபோத்தே பென்ஃபிகாவுக்கு மூன்று பெனால்டி கொடுத்தார், போதாமல் ஆட்டத்தையும் நீட்டிக்கொண்டே போனார். போர்ட்டோ ஆட்டக்காரர்கள் மைதானத்தில் நின்றபடி வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பென்ஃபிகா 7-1. இன்னும் ஒரு கோல் அடித்திருந்தால் கோல் வித்தியாசமும் சமமாகியிருக்கும். போர்ட்டோ சாம்பியன். நடுவருக்குப் பின்னால் தடை விதித்தார்கள். போர்ச்சுகலில் இன்றைக்கும் நடுவர் ஒருவர் சந்தேகமாக விசில் ஊதினால் கலபோத்தே பெயர் வந்துவிடும்.

பட்டம் வாங்கிய கையோடு குட்மன் எங்கே போனார்? தோற்ற பென்ஃபிகாவுக்கு! போர்ட்டோ அடுத்த லீக் பட்டத்தைத் தொட 1978 வரை, 19 வருஷம், காத்திருந்தது. சாபக்கதை கட்டுவதென்றால் இதைவிடப் பொருத்தமான கிளப் உண்டா? ஏனோ யாருக்கும் தோன்றவில்லை.

பென்ஃபிகாவில் நுழைந்ததும் மூத்த ஆட்டக்காரர்கள் சுமார் 20 பேரை வெளியே அனுப்பி இளையவர்களை ஏற்றினார். 1960, 1961 இரண்டு வருஷமும் லீக் பட்டம். இடையில் ஒரு நாள் லிஸ்பனில் முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்திருந்தபோது, சாவோ பாவ்லோவின் பழைய ஆட்டக்காரர் பவேரைச் சந்தித்தார் என்றும், மொசாம்பிக்கில் ஒரு பையனைப் பார்த்தேன் என்று பவேர் சொன்னார் என்றும் கதை. அந்தப் பையன் யூசேபியோ. அவன் ஆடிய கிளப் பென்ஃபிகாவின் எதிரியான ஸ்போர்ட்டிங்கின் கிளை. எனவே 1960 டிசம்பரில் அவனை ரகசியமாக லிஸ்பனுக்கு அழைத்துவந்து, ரூத் மலோசோ என்ற பெண் பெயரைக் குறிப்புப் பெயராக வைத்து, கொஞ்ச நாள் தெற்கே அல்கார்வேயில் ஒளித்து வைத்தார்கள்.

யூசேபியோ இல்லாமலேயே முதல் ஐரோப்பியக் கோப்பை வந்துவிட்டது. 1961 மே 31, பெர்ன் நகரின் வாங்க்டோர்ஃப் மைதானம், எதிரே பார்சிலோனா. ரியல் மாட்ரிட் தவிர வேறு யாரும் அதுவரை இந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. பார்சிலோனா அணியில் குபாலா, கோச்சிஷ், சிபோர் என்று மூன்று ஹங்கேரியர்கள். பந்து திரும்பத் திரும்பக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது, கம்பங்கள் அப்போது சதுர வடிவம். பென்ஃபிகா 3-2. கோச்சிஷும் சிபோரும் 1954 உலகக் கோப்பை இறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் தோற்றது இதே மைதானத்தில், இதே 3-2 கணக்கில்.

மறு வருஷம் மே 2, ஆம்ஸ்டர்டாம், ரியல் மாட்ரிட். டி ஸ்டெஃபானோ பந்தை நீட்டிக் கொடுக்க, புஷ்காஷ் முதல் பாதியிலேயே மூன்று கோல் போட்டார். ஆமாம், அதே புஷ்காஷ், இப்போது மாட்ரிட் அணியில். இடைவேளையில் மாட்ரிட் 3-2 முன்னிலை. இரண்டாம் பாதியில் பென்ஃபிகாவின் நடுக்கள ஆட்டக்காரர் கொலூனா சமன் செய்தார். அப்புறம் 20 வயது யூசேபியோ ஒரு பெனால்டியும், தொடர்ந்து இன்னொரு கோலும் போட்டார். 5-3. ஆட்டம் முடிந்ததும் புஷ்காஷ் தன் சட்டையைக் கழற்றி அந்தப் பையனிடம் கொடுத்தார். எதிரணி எத்தனை போட்டாலும் நாம் அதைவிட ஒன்று கூடுதலாகப் போடலாம் என்பது குட்மனின் பாணி. அது முழுசாகப் பலித்த ஆட்டம் இது.

இந்த உச்சியில் நின்றுகொண்டுதான் நிர்வாகத்திடம் கூடுதல் ஊக்கத்தொகை கேட்டார். ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் இல்லை என்று கைவிரித்தார்கள். சட்டப்படி அவர்கள் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் ஐரோப்பாவை இரண்டு முறை வென்றவரிடம் ஒப்பந்தத் தாளை நீட்டுவது எப்படிப்பட்ட கஞ்சத்தனம்! குட்மனும் நிலைமை தெரிந்தவர்தான். மூன்றாம் ஆண்டு ஆபத்தானது என்பது அவருடைய நம்பிக்கை: மூன்றாவது வருஷத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சியாளரின் குரல் பழகிவிடும், எதிரணிகளுக்கு அவருடைய ஆட்டமுறை பழகிவிடும். பென்ஃபிகாவில் அவருக்கு அது மூன்றாம் ஆண்டு. கோப்பை வந்தாலும் லீக்கில் அணி மூன்றாம் இடத்துக்கு இறங்கியிருந்தது. இரண்டையும் சேர்த்து வெல்லுமளவுக்கு ஆட்கள் பலம் கிளப்பிடம் இல்லை என்று, இங்கே எழுதக் கூச்சமான ஒரு சொலவடையில் சொல்லியிருக்கிறார். போவதற்குச் சரியான நேரம் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். பணம் கிடைத்திருந்தால் இன்னொரு வருஷம் இருந்திருக்கலாம், அதற்கு மேல் இருந்திருக்க மாட்டார்.

உருகுவேயின் பெனரோல் போய் அங்கும் அந்த வருஷமே லீக் பட்டம். 1964இல் ஆஸ்திரியத் தேசிய அணி, சில ஆட்டங்களிலேயே முடிந்தது. தன்மீது யூத வெறுப்பு காட்டப்பட்டதாகச் சொல்லி விலகினார். பிறகு பென்ஃபிகாவுக்குத் திரும்பிய 1965-66 பருவம். லீக் கிடைக்கவில்லை. ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில் மான்செஸ்டர் யுனைடெட் லிஸ்பனிலேயே 5-1 என்று உதைத்தது, ஜார்ஜ் பெஸ்ட் என்ற 19 வயதுப் பையன் ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே இரண்டு கோல். சாபத்தை நம்புகிறவர்கள் இந்த வருஷத்தை வசதியாக மறந்துவிடுவார்கள். சபித்தவரே உள்ளே உட்கார்ந்திருந்தும் கோப்பை வரவில்லை.

அதற்கப்புறம் ஜெனீவாவின் செர்வெட், ஏதென்ஸின் பனதினைகோஸ், வெகுநாள் இடைவெளிக்குப் பின் ஆஸ்திரியா வியன்னா, கடைசியாக 1973-74இல் போர்ட்டோ. பழைய மந்திரம் எதுவும் பலிக்கவில்லை. 1981 ஆகஸ்ட் 28 அன்று வியன்னாவில் இறந்தார்.

பென்ஃபிகா தோற்ற ஐரோப்பிய இறுதிப்போட்டிகளின் பட்டியலைக் காட்டாமல் யாரும் விடமாட்டார்கள் என்பதால் அதையும் சொல்கிறேன்: 1963, 1965, 1968, 1983, 1988, 1990, 2013, 2014. மொத்தம் 8. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கண்ணுக்குத் தெரிந்த காரணம் உண்டு. 1963இல் கொலூனா காயப்பட்டு நொண்டினார், மாற்று ஆள் இறக்க விதியில் இடமில்லை. 1965இல் இறுதிப்போட்டியே எதிரணி இன்டரின் சொந்த மைதானத்தில், கொட்டும் மழையில். கோல் காப்பாளர் காயத்தோடு வெளியேற, தற்காப்பு ஆட்டக்காரர் ஜெர்மானோ கோலுக்குப் போய் நின்றார். 1968இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட்டோடு லண்டன் வெம்ப்ளியிலேயே, கூடுதல் நேரத்தில் தோல்வி. 1988உம் 2014உம் பெனால்டி ஷூட்-அவுட். 1990 இறுதி வியன்னாவில் நடந்தது. எதிரே வான் பாஸ்டனும் ரைகார்டும் இருந்த மிலான், இதற்குச் சாபம் வேறு வேண்டுமா? அந்த ஆட்டத்துக்கு முன் யூசேபியோ குட்மனின் கல்லறைக்குப் போய் வேண்டிக்கொண்டார் என்பார்கள். ரைகார்டின் ஒரே கோலில் பென்ஃபிகா தோற்றது.

2014இல் பென்ஃபிகா தன் மைதானத்தில் குட்மனுக்குச் சிலை வைத்தது, இரண்டு கோப்பைகளையும் கையில் ஏந்திய மாதிரி. சிலை வைத்த அதே வருஷம் தூரினில் செவிய்யாவிடம் தோல்வி. 2022இல் பென்ஃபிகாவின் இளையோர் அணி ஐரோப்பிய இளையோர் லீக்கை சால்ஸ்பர்கை 6-0 என்று நொறுக்கி வென்றது. அது கணக்கில் வராது என்பார்கள் சாபக்காரர்கள். நூறு வருஷம் முடிய 2062 வரை அவர்களுக்கு அவகாசம் இருக்கிறது.

குட்மன் எப்படிப்பட்ட பயிற்சியாளர் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் 1962 இறுதியின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் இணையத்தில் கிடைக்கிறது. முதல் பாதியைப் புஷ்காஷுக்காகப் பாருங்கள். இரண்டாம் பாதியில் கொலூனா பந்து வாங்கும் இடத்தை மட்டும் கவனியுங்கள்.